கண்டியில் இரண்டு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: வேலூரிலிருந்து, மூட்டுவலியுள்ள 68 வயது அம்மாவுடன் கண்டிக்குச் செல்கிறேன். இரண்டு நாள்தான் அவகாசம். நுவரெலியாவையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: நுவரெலியாவை இந்த முறை விட்டுவிடுங்கள். போகவர மலைப்பாதையிலேயே ஒரு நாளின் பெரும்பகுதி போய்விடும், அம்மாவின் முழங்காலும் தாங்காது.

முதல் நாள் மாலையை ஏரிக்கரையில் தொடங்குங்கள். இந்த ஏரியை உருவாக்கிய கடைசிக் கண்டி மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், 1815இல் ஆங்கிலேயரிடம் அரசை இழந்து, உங்கள் ஊரில் சிறையிருந்து 1832இல் மறைந்தவர். அவரது நினைவிடமான பாலாற்றங்கரை முத்து மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏரி வெறும் நீர்ப்பரப்பாகத் தோன்றாது. மேகம்போல் வளைந்தோடும் கரைச்சுவரில், விழா நாள்களில் அகல் ஏற்றுவதற்கென விடப்பட்ட முக்கோண மாடங்களை அம்மாவுக்குக் காட்டுங்கள்.

அங்கிருந்து, புத்தரின் புனிதப் பல்லைக் காக்கும் கோயிலான தலதா மாளிகையின் மாலைப் பூசைக்குச் செல்லுங்கள். 6.30 மணியளவில் தொடங்கும் என்பதால் முன்கூட்டியே போய்விடுவது நல்லது. கீழ்த்தளத்தில் மேளம் முழங்க, மேல்தளத்தில் கருவறைக் கதவு திறக்கும்போது, புத்தரின் பல் வைக்கப்பட்டுள்ள பொற்பேழையை மட்டுமே காண முடியும். பல்லைக் காண இயலாது. தோளும் முழங்காலும் மறையும்படி, இயன்றால் வெள்ளை உடை அணியுங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது. அருகிலேயே இருக்கும் பத்தினி தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். அங்கே வணங்கப்படுபவள் நம் கண்ணகி.

இரண்டாம் நாளை, பலரும் தவறவிடும் மேற்குப்புறக் கோயில்களுக்கு ஒதுக்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஆட்டோ ஒன்றை நாள் வாடகைக்குப் பேசிக்கொண்டு, பாறை சூடேறி வெறுங்காலைச் சுடுவதற்கு முன்பே கடலாதெனியவுக்குப் போய்விடுங்கள். 1344இல் எழுந்த இக்கற்கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி தென்னிந்தியர் என்பதை, தூண்களைப் பார்த்தவுடனே உங்கள் கண் சொல்லிவிடும். அதே காலத்து இலங்காதிலகக் கோயிலில் பாறைமேல் சிங்களத்திலும் தமிழிலும் கல்வெட்டு உள்ளது. படிகள் செங்குத்தானவை, ஆகவே அம்மாவைக் கீழே நிழலில் அமர்த்திவிட்டு நீங்கள் மட்டும் ஏறுவது நல்லது. எம்பெக்கே தேவாலயத்தில் அம்மா நிதானமாகப் பார்க்கலாம்: மரத்தூண்களில் மல்லர்கள், பின்னிய அன்னங்கள், இருதலைப் பறவை; கூரைக்கு அடியில் 26 கைமரங்களை ஒன்றாகப் பிணைத்து நிற்கும் ஒற்றை மர ஆணி.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் பேராதனைப் பூங்காவுக்குப் போகலாம். 147 ஏக்கரையும் நடக்க நினைக்காமல், பனைச்சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எசல பெரஹரா என்னும் ஊர்வலத் திருவிழா நடக்கும் நாள்களில் தெருவெல்லாம் கூட்டம் நெரியும் என்பதால், அம்மாவுடன் செல்ல அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.