ஒயினில் சொல்லப்படும் மணங்கள் உண்மையிலேயே அதில் இருக்கின்றனவா, சுவைப்பவர்களின் கற்பனையா?

ஒயின் குறிப்புகளில் பிளாக்கரன்ட் பழம், தேவதாரு மரம், வெண்ணெய், ஈரக்கல் என்றெல்லாம் எழுதுகிறார்கள், எனக்கோ திராட்சையும் சாராய நெடியும் தவிர வேறொன்றும் தெரிவதில்லை, இதெல்லாம் கற்பனையா அல்லது என் மூக்கில்தான் குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், நாலு பேர் கூடிய ஒரு மேசையில் ஆளுக்கொரு பழத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வர, உங்கள் முறை வந்தபோது சொல்ல ஏதுமில்லாமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் அந்த மேசையில் நேர்மையாக நடந்துகொண்டவர் நீங்களாகவே இருக்கக்கூடும். ஒரு முறை நான் அப்படி நடந்துகொள்ளவில்லை. அந்த உறுத்தல் இன்னும் இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மணங்களில் பெரும்பகுதி கற்பனை அன்று. கேபர்நே சாவிஞான் என்ற திராட்சையின் சிவப்பு ஒயினிலும் சாவிஞான் பிளாங்க் என்ற திராட்சையின் வெள்ளை ஒயினிலும் சில வேளைகளில் எழும் பச்சைக் குடைமிளகாய் மணத்துக்குக் காரணம் மெத்தாக்ஸிபைரசின் என்ற சேர்மம். குடைமிளகாயை நறுக்கும்போது மூக்கில் ஏறுவதும் அதே சேர்மந்தான். ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் ஒன்றில் வெண்ணெய் மணக்கிறது என்றால், திராட்சையின் கூர்மையான மேலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றியபோது டயசெட்டைல் உண்டாகியிருக்கிறது என்று பொருள். வெண்ணெய்க்கு அந்த மணத்தைத் தருவதிலும் டயசெட்டைலுக்கே முக்கியப் பங்கு. புதிய ஓக் பீப்பாயில் வைத்த ஒயினில் வெனிலா தெரிவது, மரத்திலிருந்து வெனிலின் இறங்குவதால். ஈரக்கல், பட்டு, வெல்வெட் போன்றவை உவமைகள்தான், மறுக்கவில்லை. குடைமிளகாயும் வெண்ணெயும் வெனிலாவும் உவமைகள் அல்ல. ஏறக்குறைய நேர்ப்பொருளிலேயே சொல்லப்படுபவை.

மதுவைப் புகழ்ந்து எழுதுகிறான் என்று சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முறையாகச் சுவைத்துப் பழகுபவர்கள் வாயில் சுழற்றிய ஒயினைத் துப்பிவிடுவார்கள். இருபது கோப்பைகளை வரிசையாக ஆராய வேண்டியவர் ஒவ்வொன்றையும் விழுங்கினால், பாதி வழியிலேயே அவருடைய தீர்ப்புக்கு மதிப்பில்லாமல் போய்விடும். குடிக்காதவர் குடிக்கத் தொடங்க வேண்டும் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. நான் இந்தத் தொழிலில் இருப்பவனும் அல்லன். முகர்ந்து பார்த்ததைச் சில ஆண்டுகளாக ஒரு நோட்டில் எழுதி வருபவன், அவ்வளவே.

என் கதைக்கு வருகிறேன். நண்பர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த பிரான்ஸின் போர்தோ பகுதி ஒயின் பாட்டில்கள் இரண்டில் ஒன்றை ஒரு மாலையில் எங்கள் ஆறு பேருக்காகத் திறந்தார். போர்தோவுக்குள் மெதோக் என்ற இடத்தைச் சேர்ந்த, கேபர்நே சாவிஞான் மிகுந்த, பெயர் பெற்ற ஒயின். அதன் லேபிளை எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தோம். கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினார். நிறம் விளிம்பில் செங்கல்லைப் போல் வெளுத்திருந்தது. சிவப்பு ஒயின் வயதாக ஆக நிறத்தை இழக்கும், வெள்ளை ஒயின் வயதாக ஆகப் பொன்னிறத்துக்கு ஏறும் என்று படித்திருந்ததால் அதைக் கண்டு மகிழ்ந்தேன். பிறகு கோப்பையைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனேன். மழையில் நனைந்து, சரியாகக் காயாமல், வீட்டு மூலையில் மாதக்கணக்கில் கிடந்த அட்டைப்பெட்டியைத் தூக்கும்போது அடிக்குமே, அந்த வாடை. வேறு எதுவும் இல்லை. பழம் இல்லை, மரம் இல்லை, அட்டைப்பெட்டி மட்டுந்தான்.

அந்தச் சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. இவ்வளவு பெரிய ஒயினைப் பார்த்து அட்டைப்பெட்டி என்று சொன்னால் என்னை என்னவென்று நினைப்பார்கள் என்ற எண்ணத்தில் அதை விழுங்கிவிட்டு, முதிர்ந்த போர்தோவைப் பற்றிப் படித்த புத்தகங்களிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து வைத்தேன். ஈர மண்ணும், இலை உதிர்ந்த காட்டுத் தரையும், தூரத்தில் பிளாக்கரன்ட்டும் தெரிகின்றன என்றேன். நான் அதுவரை பிளாக்கரன்ட் பழத்தைக் கையால் தொட்டதுகூட இல்லை. எனக்கு அடுத்திருந்தவர் ஆமோதித்து, இன்னும் இரண்டு மணங்களைச் சேர்த்தார். மேசையின் கடைசியில் இருந்த பெண் ஒரே ஒரு முறை முகர்ந்தார், கோப்பையைக் கீழே வைத்தார். “அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இது கார்க் கெட்ட பாட்டில், நனைந்த அட்டை வாடை அடிக்கிறது” என்று நண்பரிடம் மெதுவாகச் சொன்னார். நண்பர் மறுபடியும் முகர்ந்து பார்த்தார். அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர் அவர். அந்த மனிதருக்கு முன்னால் நான் காட்டுத் தரையைப் பற்றிப் பேசியிருந்தேன்.

கார்க் கெட்ட வாடைக்குக் காரணமான பொருளின் பெயர் டிரைகுளோரோஅனிசோல். குளோரின் கலந்த சேர்மங்கள் கார்க்கில் படிந்திருக்கும்போது அங்குள்ள பூஞ்சைகள் அவற்றை இப்பொருளாக மாற்றுகின்றன. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்த அளவில் உடலுக்குக் கேடில்லை, ஒயினின் பழ மணத்தைத்தான் கொன்றுவிடுகிறது. திறந்தவுடன் வரும் கந்தக வாடை போன்ற சில குறைகள் காற்றுப் பட்டால் போய்விடும். இது போகாது, நேரம் ஆக ஆக இன்னும் எடுப்பாகத் தெரியும். இவற்றையெல்லாம் நான் அந்த மாலைக்கு முன்பே படித்திருந்தேன் என்பதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. என் மூக்கு சரியாகவே வேலை செய்தது. அந்தப் பெண் சொன்ன அதே சொல் அவருக்கு முன்னால் எனக்குக் கிடைத்திருந்தது.

அன்றைக்குப் பிறகு புத்தகச் சொற்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நோட்டில் புதிதாகத் தொடங்கினேன். முதல் சில மாதங்களுக்கு மணங்களையே எழுதவில்லை. புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு, இனிப்பு எஞ்சியிருக்கிறதா, சாராயம் தொண்டையைச் சுடுகிறதா, வாயில் கனமாக நிற்கிறதா, விழுங்கியோ துப்பியோ ஆன பிறகு எவ்வளவு நேரம் சுவை நீடிக்கிறது என்பவற்றை மட்டும் எழுதினேன். இவற்றை உணராத வாய் கிடையாது, உங்களுக்கும் முடியும். இதில் தமிழ் பேசுபவருக்கு ஒரு வசதி உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிவப்பு ஒயினின் டானின் நம் எச்சிலில் உள்ள புரதங்களோடு பிணைந்து, ஈறும் கன்னத்தின் உட்புறமும் உலர்ந்து இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்வைத் தருகிறது. துவர்ப்பு என்ற ஒரே சொல்லில் நாம் அதைச் சொல்லிவிடுகிறோம். கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்பதை யாரும் நமக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. டானின் திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருப்பது. தோலோடு சேர்த்து நொதிக்க வைப்பதால் சிவப்பில் அது மிகுதி; சாற்றைப் பிழிந்து தோலை நீக்கிவிட்டு நொதிக்க வைப்பதால் பெரும்பாலான வெள்ளையில் அது மிகக் குறைவு. வெள்ளையைத் தாங்கி நிற்பது புளிப்பு.

மணத்துக்கும் அப்படியே. மணம், வாசம், வாடை, நெடி, வீச்சம் என்று நம்மிடம் இருப்பவை ஒன்றுக்கொன்று மாற்றாக எழுதக்கூடிய சொற்கள் அல்ல. பழத்துக்கும் பூவுக்கும் மணம், கெட்ட கார்க்குக்கு வாடை, மூக்கைக் குத்தும் சாராயத்துக்கும் கந்தகத்துக்கும் நெடி. உங்கள் கேள்வியிலேயே நீங்கள் நெடி என்று சரியாக எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து உங்கள் சிக்கலையும் ஊகிக்க முடிகிறது. சிவப்பு ஒயினை வெப்பமான அறையில் அப்படியே ஊற்றிக் குடித்திருப்பீர்கள். 16 முதல் 18 டிகிரிக்கு மேல் போனால் சாராயம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு எழும். வெள்ளையை நேர்மாறாகக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடித்திருப்பீர்கள். 4 அல்லது 5 டிகிரியில் மணப்பொருள்கள் ஆவியாகவே மறுக்கும். சற்று நேரம் வெளியே வைத்துக் குளிர் தணிந்ததும், 10 அல்லது 12 டிகிரியில் முகர்ந்து பாருங்கள். கோப்பையை நிறைக்காதீர்கள், மணம் தங்குவதற்கு மேலே இடம் வேண்டும். இரண்டு ஒயின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும்போது ஊமையாக இருக்கும் ஒயின், இன்னொன்றின் அருகில் வாய் திறக்கும்.

எனக்கு முதன்முதலாக நானே கண்டுபிடித்த சொல் பென்சில். ஒரு கேபர்நேயை முகர்ந்தபோது பள்ளி நாளின் பென்சில் துருவி நினைவுக்கு வந்தது. பென்சிலைச் செருகித் திருகியதும் சுருள் சுருளாக விழும் மரச்சீவல், அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் வண்ணக்கோடு, விரலில் படியும் கரி. அதைத் தயக்கத்தோடு எழுதி வைத்தேன். புத்தகங்கள் தேவதாரு என்று எழுதுவதும் இதுவும் ஒன்றே என்பது பிறகுதான் தெரிந்தது, ஏனெனில் பென்சிலுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது அந்தப் பெயரில் வழங்கும் மரங்களே.

அழகில்லாத சொல்லுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்பதற்கு ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் முதிர்ந்ததைவிடச் சான்று வேண்டாம். அதில் எழுவது பெட்ரோல் மணம், அதை விரும்புபவர்கள் அப்படியேதான் சொல்கிறார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் என்ற பேராசிரியர் 1980களில் உருவாக்கிய, ஒயின் மணங்களின் பெயர்களை வட்டமாக வகைப்படுத்தும் மணச் சக்கரத்திலும் நனைந்த அட்டைக்கு இடம் உண்டு. நேர்த்தி, கம்பீரம் போன்ற சொற்களுக்கு இடமில்லை, ஏனெனில் அவை மணத்தைச் சொல்வதில்லை.

தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுவதும் குறிப்பின் ஒரு பகுதியே. சிரா என்ற சிவப்பு ஒயினில் வரும் கருமிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற சேர்மம் என்பதை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, சோதனையில் தந்த மிக அதிக அளவிலும் அந்த மணம் தெரியவில்லை. நானும் அந்த ஐந்தில் ஒருவன் என்றே நினைக்கிறேன். பல சிராக்களைப் பொறுமையாக முகர்ந்தும் எனக்கு மிளகு கிடைத்ததில்லை, ஆகவே என் நோட்டில் எந்த சிராவுக்கும் மிளகு எழுதப்பட்டிருக்காது.

போர்தோ ஆய்வைச் சொல்லி என்னை மடக்க நினைப்பவர்கள் இருப்பார்கள். 2001இல் வெளிவந்த அந்த ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்பு நிறமியைக் கலந்து 54 ஒயினியல் மாணவர்களிடம் கொடுத்தபோது, அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். ஒயின் வருணனை முழுதும் பித்தலாட்டம் என்பதற்கு இது சான்றாகாது. கண் பார்த்ததை மூக்கின் மேல் ஏற்றிவிடுகிறோம் என்பதற்குச் சான்று, அதை நான் மறுக்கவே மாட்டேன். என் விஷயத்தில் நிறமியின் வேலையை லேபிள் செய்தது. லேபிளை மூடி வைத்துச் சுவைக்கும் வழக்கம் இதற்காகத்தான் இருக்கிறது.

நூற்றுக்கு இத்தனை என்று எண் போடும் பழக்கத்தின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அதைப் பரப்பினார். ஆனால் அவர் எண்ணோடு நீண்ட குறிப்பும் எழுதினார். இன்று குறிப்பு உதிர்ந்துபோய் எண் மட்டும் நிற்கிறது. 92 என்ற எண்ணுக்கு மணமும் இல்லை, துவர்ப்பும் இல்லை.

நண்பர் தம்மிடம் எஞ்சியிருந்த இரண்டாவது பாட்டிலை ஓராண்டு கழித்து என்னை மட்டும் அழைத்துத் திறந்தார். இது நல்ல பாட்டில். நான் சொன்னதை அப்படியே தருகிறேன்: விளிம்பில் செங்கல் நிறம், புளிப்பு இன்னும் நிமிர்ந்து நிற்கிறது, துவர்ப்பு மெல்லிய பொடியாகக் கரைந்திருக்கிறது, உலர்ந்த கருநிறப் பழம், சீவிய பென்சில், கடைசியில் பச்சைக் குடைமிளகாயின் சின்னக் கீற்று, சுவை நெடுநேரம் நிற்கிறது. நண்பர் மூன்று முறை முகர்ந்துவிட்டு, பென்சில் தமக்குத் தெரியவில்லை என்றும், தமக்குக் கிடைப்பது காய்ந்த புகையிலைதான் என்றும் சொன்னார். நோட்டில் அவருடைய புகையிலையையும் என் பென்சிலுக்கு அருகிலேயே எழுதிக்கொண்டேன்.