போக்கர் மேசையில் நடந்துகொள்ளும் முறையைப் பிரபல ஆட்டக்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா?

முதல் முறையாக லாஸ் வேகாஸ் போகிறீர்கள். ஃபில் ஹெல்முத், ஃபில் ஐவி என்ற பிரபல போக்கர் ஆட்டக்காரர்களின் வீடியோக்களை விடாமல் பார்த்திருக்கிறீர்கள். அவர்களைப் போலவே மேசையில் உட்கார்ந்து பேசி ஆடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டத்தைத் தாராளமாக அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். நடத்தையை மட்டும் வேண்டாம்.

நான் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். வார இறுதிகளில் 1-3 டாலர் நோ லிமிட் மேசையில் ஆடுவேன், அதாவது கட்டாயப் பந்தயம் 1, 3 டாலர், அதற்கு மேல் வைக்க வரம்பு இல்லாத சின்ன மேசை. அநேகமாக நீங்களும் அந்த மாதிரி மேசையில்தான் உட்காரப் போகிறீர்கள். சுற்றி இருப்பவர்கள் ஓய்வுபெற்ற வாத்தியார், ஷிஃப்ட் முடிந்து வந்த நர்ஸ், லாரி ஓட்டுபவர். நாலு மணி நேரம் நிம்மதியாக ஆடிவிட்டுப் போக வந்தவர்கள்.

போன வருடம் அப்படி ஒரு மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். கடைசிச் சீட்டும் விழுந்தாயிற்று. எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர், கையில் இருந்ததை எல்லாம் ஆல்-இன் வைத்தார். எதிரே தலையை மூடிய ஸ்வெட்டரும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு இளைஞன். அவனிடம் இருந்தது ஏஸோடு சேர்ந்த ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்துச் சீட்டு ஐந்து. அந்தக் கையை அடிக்கக்கூடிய சீட்டு எதுவுமே இல்லை, யோசிக்க ஒன்றும் இல்லை. இருந்தும் இரண்டு நிமிடம் அவரை முறைத்தான், பெருமூச்சு விட்டான், சிப்ஸை (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லைகள்) உருட்டினான், பிறகு "கால்" என்றான், அதாவது அந்தப் பந்தயத்துக்கு ஈடாகக் கட்டுகிறேன் என்று. பெரியவர் இரண்டு ஜோடியைக் காட்டினார். அவர் முகத்தில் சிரிப்பு வரும்வரை காத்திருந்து, ஒவ்வொரு சீட்டாகத் திருப்பினான். இதற்கு ஸ்லோ ரோல் என்று பெயர். விதிப் புத்தகத்தில் இதற்குத் தண்டனை இல்லாத இடங்கள் உண்டு. ஆனால் போக்கர் ஆடுபவர்களிடம் இதைவிடக் கேவலமான காரியம் வேறில்லை. பெரியவர் "நைஸ் ஹேண்ட்" என்று சொல்லிவிட்டு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேசையே கலைந்தது.

அந்தப் பையன் இதையெல்லாம் எங்கே கற்றிருப்பான் என்பது தெரிந்ததுதான். 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 839 பேர் ஆடிய உலக போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் ஜெயித்து 25 லட்சம் டாலர் வாங்கினார். ஆட்டக்காரரின் மூடிய சீட்டைக் காட்டும் கேமராக்களும் அந்தச் சமயத்தில் பரவியதால், 2006-இல் அதே போட்டிக்கு 8,773 பேர் வந்தார்கள். ஆனால் நிஜ போக்கரில் பெரும்பாலான கைகள் (சீட்டுப் போட்டு ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு கை) ஃபோல்டில், அதாவது மற்றவர்கள் சீட்டைப் போட்டுவிட்டு விலகுவதில், முடிந்துவிடும். அதைப் பார்க்க ஆள் வருமா? எனவே சண்டையும் முறைப்பும் கத்தலும் மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டப்படுகின்றன. பத்து மணி நேரம் வாயைத் திறக்காமல் ஆடியவர் படத்தில் வரவே மாட்டார்.

ஹெல்முத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல், 24 வயதில், அதற்கு முந்தைய இரண்டு வருடமும் ஜெயித்திருந்த ஜானி சானைத் தோற்கடித்து அதே முக்கியப் போட்டியின் பட்டம் வாங்கியவர். உலகத் தொடரின் போட்டிகளில் ஜெயிப்பவருக்குத் தரும் பிரேஸ்லெட் இதுவரை 17. அந்தத் திறமையை மதிக்கிறேன். ஆனால் 2008 உலகத் தொடரில் என்ன நடந்தது? இவரிடம் ஏஸும் ராஜாவும். கிறிஸ்டியன் டிராகோமிர் என்பவர் டைமனில் பத்தும் நாலும் வைத்துக்கொண்டு கால் செய்து அந்தக் கையை ஜெயித்தார். ஹெல்முத் அவரை முட்டாள் என்று திட்டித் தீர்த்தார். ஒரு சுற்று ஆடாமல் உட்கார வைக்கும்படி அபராதம் போட்டார்கள். பிறகு தொடரின் தலைமை நிர்வாகி அதை ரத்து செய்துவிட்டார். முதல் தடவையாகப் பணம் கட்டி வந்த ஒருவர் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் அந்தத் தண்டனை நீங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. விதி ஆளைப் பார்த்து வளைந்ததற்குக் காரணம், நாம் அவரைத் தலைமேல் தூக்கி வைத்திருப்பதுதான். அதுதான் எனக்கு ஆத்திரம்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கிறிஸ் ஃபெர்குசன், ஹோவர்ட் லெடரர் இருவரையும் ஒரு காலத்தில் கும்பிடாத குறையாக வைத்திருந்தார்கள். நீளமுடியும் தாடியுமாக இருந்த ஃபெர்குசனுக்கு ஜீசஸ் என்றே பட்டப்பெயர். லெடரர் புரொஃபசர். இவர்கள் முகத்தை நம்பித்தான் எத்தனையோ பேர் இவர்கள் பங்குதாரர்களாக இருந்த ஃபுல் டில்ட் என்ற இணைய போக்கர் தளத்தில் பணம் போட்டார்கள். 2011 ஏப்ரல் 15-இல் அமெரிக்க அரசு அந்தத் தளத்தை முடக்கியபோது, ஆட்டக்காரர்கள் போட்ட பணத்தைத் திருப்பிக் கொடுக்க அங்கே காசில்லை. இருவரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் அரசு தொடுத்த வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டார்கள். அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்ப வரத் தொடங்கியது 2014-இல்தான். சீட்டு ஆடத் தெரிந்தவரின் எல்லாக் குணத்தையும் அதை வைத்தே நம்பிவிட்டார்கள்.

ஐவி வேறு ரகம். கத்த மாட்டார், யாரையும் இழிவாகப் பேச மாட்டார். ஆனால் அவரைப் பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்வது அந்த மௌனத்தை அல்ல, முறைப்பை. லட்சக்கணக்கான டாலர் கிடக்கும்போது அவர் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. நம் மேசையில் ஒரு மணி நேரத்துக்கு முப்பது கை வந்தாலே அதிகம். 15 டாலர் பெட்டுக்கு மூன்று நிமிடம் முறைத்தால் எட்டுப் பேரின் நேரத்தையும் தின்கிறீர்கள்.

இனி வேகாஸில் உங்களுக்கு உதவக்கூடியது. உங்கள் முறை வரும் முன்னால் ஃபோல்ட் செய்யக்கூட கையை அசைக்காதீர்கள். நீங்கள் விலகப் போவது தெரிந்தாலே உங்களுக்கு முன்னால் ஆட வேண்டியவருக்கு இலவசத் தகவல், மற்றவருக்கு நஷ்டம். சினிமாவில் வருவது மாதிரி "உன் நூறைக் கட்டுகிறேன், மேலே இருநூறு" என்று சொன்னால் அது வெறும் கால்தான். முதலில் சொன்ன வார்த்தை கணக்கு. ரெய்ஸ், அதாவது பந்தயத்தை உயர்த்துவது என்றால் தொகையை முதலில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சிப்ஸை ஒரே தடவையில் முன்னே வையுங்கள். எதிராளி 10 வைத்திருக்க, நீங்கள் ஒன்றும் சொல்லாமல் ஒரே ஒரு 25 டாலர் சிப் போட்டாலும் கால்தான். பெரிய சிப்ஸை அடுக்குக்குப் பின்னால் மறைக்கக் கூடாது.

ஃபோல்ட் செய்த பிறகு அந்தக் கை முடியும்வரை முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. நீங்கள் எட்டைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள், ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) இரண்டு எட்டு விழும், "அடச்சே" என்று வந்துவிடும். போயிற்று, இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர் தன்னிடம் எட்டு இருப்பதாகப் பிளஃப் செய்ய முடியாது.

நண்பரோடு போகிறீர்கள் என்றால் ஒன்று முக்கியம். பெரும்பாலான அமெரிக்க கேசினோக்களில் கை நடக்கும்போது மேசையில் ஆங்கிலம் மட்டுமே பேசலாம். சாப்பாட்டைப் பற்றித் தமிழில் பேசினாலும் மற்றவர்களுக்கு நீங்கள் சீட்டைச் சொல்வது போலத்தான் தெரியும். டீலர் எச்சரிப்பார், அவர் சொல்வது சரி.

ஜெயித்தால் டீலருக்கு ஒரு டாலர் கொடுங்கள், அவர் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். பத்தும் நாலும் வைத்து உங்களை அடித்தவரிடம் "நைஸ் ஹேண்ட்" என்று சொல்லுங்கள், பாடம் எடுக்காதீர்கள். அவர் நாளைக்கும் பத்தும் நாலுமாக ஆட வரவேண்டும். உட்கார்ந்ததும் டீலரிடம் நான் புதுசு என்று சொல்லிவிட்டால், முறை வரும்போதெல்லாம் அவரே உங்கள் பக்கம் கை நீட்டிக் காட்டுவார்.