தேயத் தேய மலை உயருமா?

கேள்வி: புவித்தட்டுகள் மோதி மலைகள் எழுகின்றன, மழையும் ஆறும் பனியும் அவற்றைத் தேய்க்கின்றன. சரி, கோடிக்கணக்கான ஆண்டுகள் தேய்ந்தும் பூமி ஏன் சமதளமாகவில்லை?

பதில்: கணக்குப்படி ஆகியிருக்க வேண்டும்தான். ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் தேய்கிறது என்று வைத்துக்கொண்டாலே (இமயமலையில் பல இடங்களில் வேகம் இதைவிட அதிகம்) 10 லட்சம் ஆண்டில் 1 கிலோமீட்டர் காலி. இந்தியத் தட்டு ஆசியாவை முட்டத் தொடங்கி சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன, இந்நேரம் எவரெஸ்ட் பலமுறை தரைமட்டமாகியிருக்கும். ஆகாததற்கு முதல் காரணம் உங்களுக்கே தெரியும்: அந்த மோதல் இன்னும் முடியவில்லை, தட்டு ஆண்டுக்கு சுமார் 4 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

இன்னொரு காரணம் இருக்கிறது, பலரும் அதைச் சொல்வதில்லை. அரிப்பே மலையை உயர்த்தும்! கண்டங்களின் மேலோடு, அடியிலுள்ள கவசப் பாறையைவிட அடர்த்தி குறைந்தது, அதனால் அதன்மேல் மிதக்கிறது. (கவசம் என்றால் தீக்குழம்புக் கடல் இல்லை, திடப் பாறைதான், ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல நகர்ந்து கொடுக்கும்.) சரக்கை இறக்க இறக்கப் படகு மேலே எழும் இல்லையா, அதே கதை. ஒரு பெரிய பரப்பில் சராசரியாக 1,000 மீட்டர் பாறை அரித்துப் போனால் சுமார் 800 மீட்டர் திரும்ப எழுந்துவிடும், நிகர இழப்பு 200 மீட்டர்தான். அதுவும் ஆறுகள் பள்ளத்தாக்கை மட்டும் ஆழமாகத் தோண்டிவிட்டு சிகரத்தை அதிகம் தொடாமல் விட்டால், எடை குறைந்த அந்தப் பகுதி முழுவதும் உயரும்போது சிகரம் முன்பைவிட உயரமாகிவிடும். எவரெஸ்டுக்கே இப்படி நடந்திருக்கிறது என்கிறது 2024-இல் வெளியான ஓர் ஆய்வு. சுமார் 89,000 ஆண்டுகளுக்கு முன், எவரெஸ்டுக்கு அருகே ஓடும் அருண் ஆறு கோசி ஆற்றோடு சேர்ந்து, கூடுதல் நீரோடு வேகமாக அரிக்கத் தொடங்கியதில், சிகரம் 15 முதல் 50 மீட்டர்வரை உயர்ந்திருக்கலாமாம்.

கேள்வி: அப்படியென்றால் பழைய மலைகள் ஏன் குட்டையாக இருக்கின்றன?

பதில்: தள்ளுவதற்கு ஆள் இல்லை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகள் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதியபோது ஓங்கி எழுந்தவை. பிறகு மோதல் நின்றது, அட்லாண்டிக் கடல் திறந்துகொண்டது. மிதந்து எழுவது ஈடுகட்டும், ஆனால் முழுதாக இல்லை, அந்த 200 மீட்டர் இழப்பு சேர்ந்துகொண்டே போகும். இப்போது அங்கே உயரமான சிகரமான மிட்செல் 2,037 மீட்டர்தான்.

கேள்வி: அரித்த மண்ணெல்லாம் எங்கே போகிறது?

பதில்: பெரும்பாலும் கடலுக்கு. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் மண் சுமந்து வருகின்றன. அவை கடலடியில் விசிறிபோலப் பரப்பிய மண்படிவான வங்காள விசிறி சுமார் 3,000 கிலோமீட்டர் நீளம், இலங்கையையும் தாண்டிப் போகிறது. அங்கேயே கிடந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு கடல்தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும் இடத்தில் மேலே படிந்த மண்ணில் ஒரு பகுதி உள்ளே போகாமல் வழித்தெடுக்கப்பட்டு விளிம்பில் குவியும். கரீபியனில் இருக்கும் பார்படாஸ் தீவு அப்படி எழுந்ததுதான். மேலே பவளச் சுண்ணாம்புப் பாறை போர்த்தியிருக்கிறது, அதன் அடியில் இருப்பதில் தென்னமெரிக்க ஆறுகள் எப்போதோ கடலில் கொட்டிய மணலும் உண்டு.