நாய்த் தட்டில் என்ன வைப்பது? வாசகர் கேள்வி – பதில்

கடையில் கிலோ 200 ரூபாயிலிருந்து 900 ரூபாய் வரை டாக் ஃபுட் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் விலை கூடியதையே கையில் எடுத்துக் கொடுக்கிறார். எதைப் பார்த்து வாங்குவது? எங்கள் நாய் 20 கிலோ, கருத்தடை செய்தது.
– வாசகி, மதுரை

பையின் முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். கோழிக்கால் படமும் ‘பிரீமியம்’ என்ற எழுத்தும் எதற்கும் உத்தரவாதம் இல்லை. திருப்பிப் பின்பக்கம் படியுங்கள்.

‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ (வேண்டிய சத்தெல்லாம் சரியான அளவில் உள்ள முழுச் சாப்பாடு) என்று இருக்கிறதா, குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா என்பதே முதல் கேள்வி. ‘காம்ப்ளிமென்டரி’ என்று இருந்தால் அது சாப்பாடு அல்ல, தொட்டுக்கொள்ள மட்டும்தான். அடுத்தது சேர்மானப் பட்டியல். எடை அதிகமான பொருள் முதலில் வரும். இங்கே இரண்டு தந்திரம் உண்டு. ‘ஃப்ரெஷ் சிக்கன்’ முதலிடத்தில் இருந்தாலும் பச்சைக் கோழியில் எழுபது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். காய்ந்த பிறகு அது பட்டியலில் எங்கேயோ கீழே போயிருக்கும். அதனால் ‘சிக்கன் மீல்’ என்று கண்டு முகம் சுளிக்க வேண்டாம். அது நீர் வற்றிய இறைச்சிப் பொடி. இரண்டாவது தந்திரம், கோதுமை, கோதுமைத் தவிடு, கோதுமை மாவு என்று ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்துப் போட்டு ஒவ்வொன்றையும் கீழே தள்ளுவது. மூன்றையும் மனதுக்குள் கூட்டிப் பாருங்கள்.

பிறகு சதவீதங்கள். பல பைகள் மேற்கோள் காட்டும் ஆஃப்கோ (அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம்) அளவுப்படி, தண்ணீரை நீக்கிய கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதம், 5.5 சதவீதம் கொழுப்பு, குட்டிக்கு 22.5, 8.5. ‘தண்ணீரை நீக்கிய’ என்பதுதான் முக்கியம். 10 சதவீத ஈரமுள்ள உலர் உணவில் 24 சதவீதப் புரதம் என்றால் 24-ஐ 90-ஆல் வகுத்து நூறால் பெருக்க, கிட்டத்தட்ட 27. டின்னில் வரும் ஈர உணவில் 8 சதவீதம்தான் போட்டிருக்கும், ஆனால் ஈரம் 80. எட்டை இருபதால் வகுத்து நூறால் பெருக்கினால் 40. பார்வைக்கு ஏழையாகத் தெரிந்ததுதான் பணக்காரன்.

கலோரி அச்சிடாத பையில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் (எரித்தால் மிஞ்சும் தாது உப்பு) எல்லாவற்றையும் நூறிலிருந்து கழித்தால் மிச்சம் மாவுச்சத்து. சாம்பல் போடவில்லை என்றால் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் நூறு கிராமுக்கான கலோரி. புரதம் 24, கொழுப்பு 10, மாவுச்சத்து 43 என்றால் 320 வரும்.

இதை வைத்து விலையைப் பாருங்கள். உங்கள் நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,060 கலோரி வேண்டும். கிலோ 250 ரூபாய், நூறு கிராமில் 330 கலோரி என்றால் 320 கிராம் போட வேண்டும், 80 ரூபாய். கிலோ 500 ரூபாய், 400 கலோரி என்றால் 265 கிராம் போதும், 132 ரூபாய். கிலோ விலை இரட்டிப்பு, நாள் செலவு இரட்டிப்பு இல்லை. மலமும் குறையும், மொட்டைமாடியில் வளர்ப்பவர்களுக்கு அது சின்ன விஷயமா?

எங்கள் வீட்டு நாட்டு நாய்க்கு (15 கிலோ, கருத்தடை செய்தது) குட்டியிலிருந்தே பால்சாதமும் தயிர்சாதமும்தான். இப்போது முடி மங்கி, கொட்டுகிறது. வீட்டுச் சாப்பாட்டையே தொடர முடியுமா?
– வாசகர், கும்பகோணம்

முடியும், ஆனால் இந்தச் சாப்பாடு அல்ல. 150 கிராம் அரிசியும் கால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான பாலும் சேர்ந்தால் சுமார் 20 கிராம் புரதம். உங்கள் நாய்க்குக் குறைந்தபட்சமே 38 கிராம் வேண்டும். உடம்பு முதலில் கைவிடுவது முடியைத்தான். அதற்காகச் சாப்பாட்டின் மேலேயே பழியைப் போட்டுவிடாதீர்கள். சொறியும் உண்ணியும் இதே மாதிரி காட்டும். மருத்துவரிடம் தோலைச் சுரண்டி ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள்.

ஒரு நாளுக்கான அளவு, சுமார் 860 கலோரி: தோல் நீக்கிய எலும்பில்லாத கோழி 250 கிராம், அரிசி 100 கிராம் (இரண்டும் பச்சையாக நிறுத்தது), கோழி ஈரல் 20 கிராம், முட்டை ஒன்று, கேரட்டோ பூசணியோ 80 கிராம், எண்ணெய் இரண்டு டீஸ்பூன். அரிசியைக் குழைய வேக வையுங்கள். கோழியும் ஈரலும் தனியாக, உப்பு மசாலா இல்லாமல். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சோற்றில் பிசையுங்கள். ஆறியதும் இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். ஈரலைக் கூட்ட வேண்டாம். வைட்டமின் ஏ அதில் ஏராளம், அது உடம்பிலேயே தேங்கும்.

இதில் பலரும் கோட்டை விடும் இடம் கால்சியம். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சுத்தமாக இல்லை என்றே சொல்லலாம். கறியும் சோறும் மட்டும் போட்டால் உடம்பு ரத்தத்துக்கான கால்சியத்தை எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். முட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, நன்றாகக் காயவைத்து, மிக்சியில் மைதா பதத்துக்கு அரையுங்கள். நறநறப்பு இருக்கக் கூடாது. மேலே சொன்ன அளவுக்குத் தினமும் அரை டீஸ்பூன், அதில் ஏறக்குறைய ஒரு கிராம் கால்சியம். அப்போதும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை குறையும். நாய்க்கென்று விற்கும் மினரல்–வைட்டமின் பொடியை மருத்துவர் சொல்லும் அளவில் சேருங்கள். மாட்டுக்கு வைத்திருக்கும் தாதுக்கலவையைக் கிள்ளிப் போட வேண்டாம்.

மூன்று மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி. காது நிமிர வேண்டும் என்றால் கால்சியம் சிரப் கொடு என்கிறார்கள். எத்தனை மில்லி?
– வாசகர், ஈரோடு

ஒரு சொட்டும் வேண்டாம். காது நிமிர்வது குருத்தெலும்பின் வேலை. பல் மாறும் காலத்தில், நாலு ஐந்து மாதத்தில், நிமிர்ந்த காதுகூடத் தொங்கும், பிறகு எழும்.

பெரிய இனக் குட்டிகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. வளர்ந்த நாயின் குடல் வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடும். குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு வந்திருக்காது, கொடுத்ததையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அதனால் மூட்டுக் குருத்தெலும்பு எலும்பாக மாறும் ஒழுங்கு குலைந்து, முன்கால் வளையும், நொண்டும். ‘லார்ஜ் ப்ரீட் பப்பி’ என்று போட்ட பையை எடுத்து, அதில் கால்சியம் 1.2-லிருந்து 1.5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்பரஸ் அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு. குண்டாக வளர்த்துக் காட்ட வேண்டிய போட்டி எதுவும் இல்லை. விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டுக்கொண்டே வளரட்டும்.

மூன்று வயது லேப்ரடார், 38 கிலோ. எவ்வளவு போட்டாலும் தட்டை நக்கிவிட்டு மறுபடி வந்து நிற்கிறது. பசிக்கிற பிராணியை எப்படிப் பட்டினி போடுவது?
– வாசகி, கோயம்புத்தூர்

அது வந்து நிற்பதைப் பசிக்கு அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏறக்குறைய நாலு லேப்ரடாரில் ஒன்றுக்குப் ‘பாம்சி’ என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். போதும் என்ற சமிக்ஞை அவற்றுக்கு வலுவாக எழுவதில்லை. இன்னொரு செய்தி: 48 லேப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்து 2002-ல் வெளியான ஆய்வில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. இதற்குப் பெயர் பட்டினி இல்லை.

இலக்கு 30 கிலோ என்று வையுங்கள். அந்த எடைக்கு ஓய்வு நிலைத் தேவை, அதாவது சும்மா படுத்திருந்தாலே உடம்புக்கு வேண்டியது, சுமார் 900 கலோரி, அதுவே இனி நாள் கணக்கு. பத்தில் ஒரு பங்கை, 90 கலோரியை, தின்பண்டத்துக்கு ஒதுக்குங்கள். மிச்சம் 810-க்கு, நூறு கிராமில் 350 கலோரியுள்ள உணவு என்றால் 230 கிராம். டம்ளரால் அளக்காதீர்கள், கும்பாச்சியாக ஒரு கை கூடினாலே முப்பது கிராம் ஏறிவிடும். சமையலறைத் தராசு வேண்டும். ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25 கலோரி, ஒரு சப்பாத்தி நூறு. காலை டீயோடு தாத்தா போடும் நாலு பிஸ்கட்டிலேயே அந்த ஒதுக்கீடு தீர்ந்துபோகும். அவரிடம் வேகவைத்த பீன்ஸோ வெள்ளரித் துண்டோ கொடுத்து வையுங்கள், நாய்க்கு வித்தியாசம் தெரியாது. வாரம் 400 முதல் 700 கிராம் இறங்கினால் சரி. இரண்டு மாதத்தில் அசையவே இல்லை என்றால் தைராய்டு பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சம், எலும்பு, விசேஷ நாளில் பாயசம். இதெல்லாம் தப்பா?
– வாசகர், ஆம்பூர்

தப்புதான். பிரியாணியில் வெங்காயமும் பூண்டும் கரைந்திருக்கும். வேகவைத்தாலும் விஷம் போகாது. நாயின் ஒரு கிலோ எடைக்கு 15 கிராம் வெங்காயமே ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். உடனே ஒன்றும் தெரியாது. மூன்று நாலு நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் காபி நிறத்தில் போகும்போது ஞாயிற்றுக்கிழமையை யாரும் நினைப்பதில்லை. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பாயசத்தில் உலர்திராட்சை இருந்தால் ஒன்றுகூட வேண்டாம். சிறுநீரகம் கெடும், இவ்வளவு வரை பரவாயில்லை என்ற கணக்கு அதற்கு இல்லை. தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

‘கிரெயின் ஃப்ரீ’ (தானியம் சேர்க்காத உணவு) நல்லதா?
– வாசகி, சென்னை

பெரும்பாலான நாய்களுக்குத் தேவையில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு நகல்களாக இருப்பது 2013-லேயே தெரிந்துவிட்டது. தானியத்துக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் நிறைந்த உணவுகளுக்கும் இதயம் விரிந்து போவதற்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-ல் விசாரணை தொடங்கியது. தீர்ப்பு இன்னும் சந்தேகத்தில்தான். அரிசி சேராத நாய் அபூர்வம். கூடுதல் பணத்தை எதற்குக் கொட்ட வேண்டும்?

புதுப் பைக்கு மாற்றும்போதெல்லாம் பேதி. 15 கிலோ மூட்டை வாங்கினால் மலிவு, ஆனால் கடைசியில் நாய் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது.
– வாசகர், நாகர்கோவில்

மாற்றம் ஒரு வாரமாக நடக்கட்டும். முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால். நடுவில் மலம் இளகினால் முந்தைய படிக்கே திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள்.

முகர்ந்துவிட்டுப் போவது பிகு அல்ல. பை திறந்ததும் கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கடிக்கத் தொடங்கும், உங்கள் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் சேரும். பூஞ்சை நச்சு ஈரலைக் கெடுக்கும். திறந்த பை ஆறு வாரத்தில் தீர வேண்டும். தினம் 200 கிராம் தின்னும் நாய்க்கு 8 கிலோவே உச்சம். பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டாமல் பையோடேயே மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். டப்பாவின் உள்சுவரில் படிந்த பழைய எண்ணெய் புதியதையும் கெடுக்கும், தயாரிப்பு எண்ணும் பையிலேயே பத்திரமாக இருக்கும். மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் கடையில் மட்டும் வாங்காதீர்கள்.