தூக்கத்துக்கு ‘புளூ ட்ரீம்’ உதவுமா?

கேள்வி: எனக்கு வயது 57. டொராண்டோவில் வசிக்கிறேன். இரண்டு வருடமாகச் சரியான தூக்கம் இல்லை. நள்ளிரவில் விழித்தால் விடியும்வரை அப்படியேதான். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். குறட்டை அதிகம் என்று மனைவி சொல்கிறார். உடன் வேலை பார்ப்பவர் ‘புளூ ட்ரீம்’ என்ற கஞ்சா ரகத்தைச் சொன்னார். இங்கே கடையிலேயே கிடைக்கிறது. ‘ஹைபிரிட், புளூபெர்ரி வாசம், மனதை லேசாக்கும்’ என்கிறார்கள். ரகத்தையும் வாசத்தையும் வைத்து எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று சொல்ல முடியுமா? ஊருக்கு வரும்போது கொஞ்சம் எடுத்து வரலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது என்றாலும், நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போவது அங்கேயே குற்றம். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கஞ்சா சேர்த்த கம்மி மிட்டாயையும் யாரும் மிட்டாயாகப் பார்க்கமாட்டார்கள்.

சரி, ரகத்துக்கு வருவோம். புளூ ட்ரீம் கலிஃபோர்னியாவிலிருந்து பரவியது. புளூபெர்ரி, ஹேஸ் என்ற இரண்டு ரகங்களின் கலப்பு என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் வரலாறு. புளூபெர்ரியின் பின்னால் ஆப்கானிஸ்தான், தாய்லாந்துச் செடிகள். ஹேஸின் பின்னால் மெக்சிகோ, கொலம்பியா, தாய்லாந்து, அதோடு தென்னிந்தியச் செடியும் உண்டு என்பார்கள். இதெல்லாம் வாய்வழியாக வந்த பரம்பரை. அதே பெயரில் இரண்டு நிறுவனங்கள் விற்கும் காய்ந்த கஞ்சாப் பூக்கள் ஒரே செடியின் வாரிசுகள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

கஞ்சாவை இண்டிகா, சாட்டிவா, இரண்டின் கலப்பான ஹைபிரிட் என்று பிரித்து, ‘இண்டிகா தூங்கவைக்கும், சாட்டிவா உற்சாகம் தரும், ஹைபிரிட் நடுவில்’ என்று சொல்லும் கணக்கையும் நம்பி வாங்காதீர்கள். 2021-ல் ‘நேச்சர் பிளான்ட்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், இந்தப் பெயர்களுக்கும் செடியின் மொத்த மரபணு அமைப்புக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. சில வாசனைப் பொருள்களோடு மட்டும்தான் பொருந்திப்போயின. அதாவது ‘இண்டிகா’ என்று எழுதியிருந்தால் அது எப்படி மணக்கும் என்பதைத்தான் ஓரளவு ஊகிக்கலாம்.

அந்த மணத்துக்குப் பெரும்பாலும் காரணம் டெர்பீன்கள் என்ற வாசனைப் பொருள்கள். புளூ ட்ரீமில் வழக்கமாக மிர்சீன் முன்னால் நிற்கும். மாம்பழத்திலும் அது உண்டு. பைன் மர வாசம் தரும் பைனீனும், மிளகிலும் கிராம்பிலும் உள்ள காரியோஃபிலீனும் கூடச் சேரும். (மாம்பழம் சாப்பிட்டுவிட்டுப் புகைத்தால் போதை கூடுதலாக ஏறும் என்று ஒரு பேச்சு உண்டு, அதற்கு நல்ல ஆதாரம் இல்லை.) 2024-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீனைத் தனியாகச் சேர்த்துக் கொடுத்தபோது கஞ்சாவால் வரும் பதற்றம் குறைந்தது. ஆகவே வாசனைப் பொருளுக்கு வேலையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மூக்கை வைத்து மருந்து தேர்வு செய்யும் அளவுக்கு அறிவியல் இன்னும் வளரவில்லை.

உங்கள் உடலில் என்ன நடக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி.யின் அளவு. லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். ‘டோட்டல் டி.எச்.சி.’ என்பதைப் பாருங்கள், சூடுபட்ட பிறகு கிடைக்கக்கூடிய அளவு அதுதான். புளூ ட்ரீம் பெரும்பாலும் 20 சதவீதத்தை ஒட்டியே விற்கிறது. கால் கிராம் பூவிலேயே 50 மில்லிகிராம் டி.எச்.சி. புகையில் பாதிக்கு மேல் வீணானாலும் பழக்கமில்லாதவருக்கு அது மிக அதிகம். புதியவர்கள் புகைப்பதாக இருந்தால் 10 சதவீதத்துக்குள், சாப்பிடுவதாக இருந்தால் 2.5 மில்லிகிராமுக்குள் தொடங்க வேண்டும் என்பது கனடா சுகாதாரத் துறையின் அறிவுரை. சாப்பிட்டால் ஏறவே இரண்டு மணி நேரம் ஆகலாம். ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று இன்னொன்றை வாயில் போடுகிறவர்கள்தான் பின்னர் படபடப்போடும் பயத்தோடும் அவசர சிகிச்சைக்கு வருகிறார்கள்.

இனி உங்கள் விஷயம். டி.எச்.சி. நாடித்துடிப்பைக் கூட்டும், எழுந்து நிற்கும்போது அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். நீங்கள் ஏற்கெனவே அழுத்த மாத்திரை எடுப்பவர். நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுந்து தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். இதய ரத்தக்குழாய் அடைப்பு இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுத்தாலோ, உங்களுக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ மனச்சிதைவு நோய் இருந்தாலோ இதைத் தொடவே கூடாது.

தூக்கம்? முதல் சில நாள் சீக்கிரம் கண் அயரும், அது உண்மை. தினமும் எடுத்தால் உடல் பழகி அளவு கூடிக்கொண்டே போகும். நிறுத்தினால் தூக்கம் முன்பைவிடக் கெட்டு, விசித்திரமான கனவுகளும் வரும்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது குறட்டைதான். ரத்த அழுத்தம், குறட்டை, நள்ளிரவு விழிப்பு மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் கஞ்சா அதற்கு மருந்தில்லை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2018-லேயே சொல்லிவிட்டது. குடும்ப மருத்துவரிடம் தூக்கப் பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். மூச்சுத் தடை இல்லையென்றால், தூக்கமின்மைக்கான நடத்தை சிகிச்சையைத்தான் (தூக்கப் பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் முறை) முதலில் தருவார்கள். மாத்திரைப் பட்டியலையும் கையோடு எடுத்துப்போங்கள். ஏற்கெனவே புளூ ட்ரீம் முயன்று பார்த்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அங்கே அது குற்றமில்லை.