விழுந்தவனுக்கு மீண்டும் இடமுண்டா?

கேள்வி: குடியை விட்டுவிடுவதாக ஒவ்வொரு திருவிருந்திலும் பொருத்தனை பண்ணுகிறேன், சம்பள நாளன்று மறுபடியும் விழுகிறேன். இப்போது ஜெபிக்கவே கூச்சமாக இருக்கிறது. ஆண்டவர் என்னை ஏற்பாரா?

பதில்: ஏற்பார், சகோதரரே. இயேசுவின் சீடனான பேதுரு, அவரை அறியேன் என்று மறுதலிப்பதற்கு முன்பே, அவன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி தாம் வேண்டிக்கொண்டதாக இயேசு சொன்னதை லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் கரிநெருப்பண்டை குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்தவனை, திபேரியா கடற்கரையில், மீனும் அப்பமும் இருந்த இன்னொரு கரிநெருப்பண்டை அழைத்து, தம்மை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, தம் ஆடுகளாகிய விசுவாசிகளையே அவனிடம் ஒப்படைத்தார். கூச்சம் உங்களை ஜெபத்திலிருந்து விலக்குமானால், குடியைவிடக் கொடிய சோதனை அதுவே என்பேன்.

சோதனையோடு தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 10:13). அந்தப் போக்கு பெரும்பாலும் மிகச் சாதாரணமாகவே இருக்கும்: சம்பளம் நேராக உங்கள் மனைவியின் கைக்குப் போகட்டும், அன்று மாலை போதகரையோ சபை மூப்பர் ஒருவரையோ துணைக்கு அழைத்துக்கொண்டு வீடு திரும்புங்கள். குடிக்காவிட்டால் கை நடுங்கும் அளவுக்குப் பழக்கம் முற்றியிருந்தால், திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். விசுவாசக் குறைவென்று எண்ணாமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.