கொப்பியில் உள்ள குளிசையும் விழுங்கிய குளிசையும்

மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவரின் பதில்கள்.

களுவாஞ்சிகுடி: ஐயா, வறட்டு இருமல் வருவதால் அம்மா பிறசர் குளிசையை இரண்டு மாதமாக விட்டுவிட்டார். கிளினிக்கில் சொல்லப் பயப்படுகிறார்.

பதில்: எனலபிரில் என்ற பிறசர் குளிசை சிலருக்கு வறட்டு இருமலைத் தரும் என்பது வைத்தியர்கள் அறிந்ததே, லொசார்ட்டன் போன்ற மாற்றும் உண்டு. ஏச்சுக்குப் பயந்து மறைப்பதுதான் ஆபத்து. குளிசை வீட்டில் கிடக்க, பிறசர் குறையாததைக் காணும் வைத்தியர் மருந்து போதவில்லை என்றெண்ணி அளவைக் கூட்டுவார். அடுத்த மாதம் இன்னொன்றையும் சேர்ப்பார். பின்னர் வேறு வருத்தத்துக்காக வாட்டில் சேர்க்கப்படும்போது, கிளினிக் கொப்பியில் எழுதியுள்ள அத்தனையும் நேரம் தவறாமல் கொடுக்கப்பட, பிறசர் சடுதியாக விழுந்து மயங்கக்கூடும். மிஞ்சிய குளிசைகளை ஒரு பையில் போட்டுக் கொப்பியுடன் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று: நோன்பில் வாப்பா பகல் குளிசையையும் சேர்த்து இரவில் போடுகிறார். சரியா?

பதில்: சரியில்லை. கிளிக்லசைட் போன்ற நீரிழிவுக் குளிசைகளை இரட்டிப்பாகப் போட்டால் இரத்தத்தில் சீனி அபாயகரமாக இறங்கலாம். நோன்புக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே வைத்தியரிடம் நேரங்களை மாற்றி எழுதுவித்துக்கொள்ள வேண்டும். சீனி 70 mg/dL இற்குக் கீழே போனால் நோன்பை விடுவதே மருத்துவ வழிகாட்டல்.

கல்முனை: இலவசமாகக் கிடைப்பதால்தானே மருந்துக்கு மதிப்பில்லை?

பதில்: மருந்து கொடுக்கும் யன்னலின் இருபுறமும் இதைக் கேட்டுச் சலித்துவிட்டேன். அபிவிருத்தியடைந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளரில் சராசரியாக 50 சதவீதத்தினர்தான் சிகிச்சையை ஒழுங்காகப் பின்பற்றுகின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2003இல் எழுதியது. ஆகவே இதை எங்கள் ஊர்க் குணமாகப் பேசுவது பொருந்தாது. படுவான்கரையிலிருந்து கிளினிக்குக்கு வரும் கூலித் தொழிலாளிக்குக் குளிசை இலவசமாயினும் அன்றைய கூலியும் பஸ் காசும் போய்விடுகின்றன. அறுவடைக் காலத்தில் அவர் வரமாட்டார்.

கல்முனை: என் மாமா பென்சனியர், ஆஸ்பத்திரிக்கு அருகில்தான் வீடு. அவரும் விடுகிறாரே?

பதில்: பிறசரும் கொலஸ்ட்ரோலும் நோவதில்லை, குளிசையை விட்ட அன்று ஒன்றும் நடப்பதுமில்லை. சுகமாக இருப்பவர் தன்னை நோயாளி என்று நாள்தோறும் நம்புவது இலேசன்று. ஏன் விட்டீர்கள் என்று ஏசாமல் ஒருமுறையாவது கேட்டீர்களா?

வாழைச்சேனை: காசநோய் மருந்து இரண்டு மாதம் எடுத்து இருமல் நின்றுவிட்டது. நிறுத்தலாமா?

பதில்: கூடாது. வழமையான சிகிச்சை 6 மாதம். இடையில் விட்டால் எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். மீன்பிடிக்கக் கடலுக்குப் போவதானால் மார்பு நோய் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஏறாவூர்: நீரிழிவுக்கு எடுக்கும் மெற்போமின் வயிற்றைக் கலக்குகிறது.

பதில்: சாப்பாட்டுடன் எடுங்கள். நீடித்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சம்மாந்துறை: எனக்கும் பிறசர் குளிசையால் இருமல்.

பதில்: முதலாவது பதிலை வாசியுங்கள். பையை மறக்க வேண்டாம்.

மண்டூர்: அளவைப் பாதியாக்கலாமா?

பதில்: எந்தக் குளிசை என்றே நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் கொப்பியைப் பார்க்காமல் அளவு சொல்லமாட்டேன். கிளினிக்கில் கேளுங்கள்.